பங்கும் பங்கற்றோரும்

இரணைமடுக் குளத்தின் கீழ் வாழும் மக்களிடையே 'பங்கு' என்னும் சொல் இருவேறு பொருள்களில் வழங்குகின்றது. காலபோகத்திலே குளத்தின் கீழுள்ள வயல்களெல்லாம் விதைக்கப்படும். சிறுபோகத்துக்கோ குளத்து நீர் முழுப் பரப்புக்கும் போதாது. ஆதலின் நீர்மட்டத்தை நோக்கி, இத்தனை ஏக்கரே விதைக்கலாம் எனக் கமக்காரரும் அதிகாரிகளும் கூடித் தீர்மானிப்பர். அவ்வாறு தீர்மானித்த பரப்பிலே காணிக்காரன் ஒவ்வொருவனுக்கும் உரிய அளவு அவனுடைய பங்கு எனப்படும். கத்தோலிக்கரிடையே இதே சொல் ஒரு குருவானவரின் பொறுப்பில் அமைந்த விசுவாசிகளின் கூட்டத்தைக் குறிப்பது. பங்குத்தந்தை, பங்குச்சபை, பங்குமக்கள் என்பன அன்றாடம் வழங்கும் சொற்கள். சீர்திருத்தத் திருச்சபையினர் சேகரம் என்றும் சபை என்றும் கூறுவராயினும், அவர்களும் திருவிருந்திற் 'பங்குபற்று'கின்றவர்களே.

முதலாவது பங்கு காணியுள்ளவனுக்கு உரியது. இரண்டாவது பங்கு ஞானஸ்நானம் பெற்ற எவருக்கும் உரியது. இரண்டாவது பங்கிலே பல்லாண்டுகளாகப் பெயர் பதியப்பெற்ற ஒருவன், முதலாவது பங்கிலே பெயரற்றவனாக இருக்கின்றான். ஞாயிறு காலையில் ஒரே பீடத்தின் முன் அருகருகே முழந்தாளிடும் இருவருள் ஒருவன் மறுநாட் காலையில் மற்றவனுடைய வயலில் நாட்கூலிக்கு நிற்கின்றான். இது புதுமையன்று, உலகெங்கும் உள்ளதே. எனினும், இந்நிலைமை அவ்விருவருள் எவருடைய ஆன்மிக வாழ்வுக்கும் தொடர்பற்றது எனக் கருதப்படுவதே ஈண்டு வினாவுக்குரியது. வன்னியிலே இன்று சீடத்துவம் எனப் போதிக்கப்படுவதிற் பெரும்பகுதி இத்தொடர்பின்மையை அடித்தளமாகக் கொண்டே நிற்கின்றது.

சீடத்துவப் பயிற்சிகள் இப்பொழுது பெருகியுள்ளன. பாடநூல்கள் உள்ளன, வார வகுப்புகள் உள்ளன, முடிவிலே சான்றிதழும் உண்டு. வேதம் வாசித்தல், தனிச் செபம், உபவாசம், மதுவை ஒழித்தல், காணிக்கை கொடுத்தல், பிறருக்குச் சாட்சி பகர்தல் என்பன ஒருவனுடைய வளர்ச்சியை அளக்கும் படிகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றை இகழ்தற்கில்லை. குடியை விட்டொழித்த ஒரு தந்தையினால் ஒரு குடும்பம் பிழைத்தெழுவதை வன்னிக் கிராமங்களை அறிந்த எவரும் மறுக்கார். ஆயின் இவ்வளவைகளுள் ஒன்றேனும் சீடனாக விரும்புகின்றவனிடம் அவன் கொடுக்கும் கூலி யாது, அவன் பிடித்திருக்கும் குத்தகை யாருடைய காணிக்கு, அவனுடைய மடை இரவில் திறந்திருப்பதா மூடியிருப்பதா என்று கேட்பதில்லை. கேட்டால் அது அரசியல் எனப்படும். (அண்டை வீட்டுக்காரனின் சமயத்தை மாற்ற முற்படுவது அரசியலன்று, அவனுக்குரிய தண்ணீரை விட்டுக்கொடுப்பது மாத்திரம் அரசியல்!)

பங்கற்றோர் யாவர் என்பதைச் சிறிது விரித்து நோக்குதல் வேண்டும். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. பின்னர் அணைக்கட்டு பலமுறை உயர்த்தப்பட்டு, இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் அதன் கீழ் அமைந்தன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணிகளை அனுமதிப்பத்திரத்தின் மூலம் குடியேற்றக்காரருக்கு வழங்க வழிசெய்தது. காணிக் கச்சேரிகள் கூடின. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டி வயலாக்கின. அவர்களின் உழைப்பும் காய்ச்சலும் பாம்புக்கடியும் மறக்கப்படலாகாதவை.

அதன் பின்னர் வந்தவர்களின் வரலாறு வேறு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர், 1958இலும், எழுபதுகளின் நடுப்பகுதியிற் தோட்டங்களை வாட்டிய பட்டினிக் காலத்திலும், 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின் பின்னரும் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். குடியுரிமை அற்றவருக்குக் காணிக் கச்சேரியில் இடமேது? நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அதற்குள் வாய்க்காலை அண்டிய நிலமெல்லாம் பங்கிடப்பட்டு முடிந்துவிட்டது. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் எனக் கிளிநொச்சியைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்புகளிலே அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மேட்டுக்காணியே. குளம் நிரம்பினாலும் வற்றினாலும் அவர்களிற் பலருக்கு அது பிறருடைய செய்தி. கூலி உண்டா இல்லையா என்ற அளவிலேயே தங்களுடையது. 'வடக்கத்தியான்', 'தோட்டக்காட்டான்' என்னும் ஏச்சுச் சொற்கள் வேறு. இவர்களிற் கணிசமானோர் கிறிஸ்தவர். தோட்டத்துச் சிற்றாலயங்களிலிருந்து தங்கள் செபப்புத்தகங்களோடும் மாதா சொரூபங்களோடும் வந்தவர்கள் அவர்கள்.

இந்நிலையிலே, சீடத்துவம் ஆன்மாவைச் சார்ந்தது, நிலப்பங்கீடு சட்டத்தைச் சார்ந்தது என்று கூறித் தப்பித்துக்கொள்வோர் உளர். அவர்கள் தாம் போதிக்கும் வேதத்தையே மறுபடியும் விரித்துப் பார்த்தல் நன்று. நாசரேத்தூர் இயேசு சீடரைத் தனித்தனியே அழைத்தாராயினும், தனித்தனியே வைத்துப் பயிற்றவில்லை. பன்னிருவரை ஒரே பாத்திரத்திற் கையிடச் செய்தார். உரோமருக்கு வரி தண்டிய ஒருவனும், உரோமரை விரட்ட விரும்பிய தீவிரவாதி எனப் பெயர்பெற்ற ஒருவனும் அக்கூட்டத்தில் ஒரே பந்தியில் இருந்தனர். அவர்களுடைய குணம் உருப்பெற்றது அந்த ஒவ்வாமையின் நடுவிலேதான். யார் பெரியவன் என்னும் சச்சரவு வழியில் எழுந்ததும், அது தீர்க்கப்பட்டதும் கூட்டுவாழ்வினாலேயே. எருசலேமின் முதற் திருச்சபை, காணி விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒளித்தவனுடைய கதையைத் தன் வரலாற்றிலிருந்து நீக்கவில்லை. கொரிந்துச் சபையிலோ செல்வர் முந்தி உண்டு களிக்க, பிந்தி வந்த உழைப்பாளர் பசித்திருந்தனர். அதனைக் கண்ட பவுல், அவர்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று எனக் கடிந்துரைத்தார். அக்கண்டனம் பந்தி ஒழுங்கைப் பற்றியது மாத்திரமன்று. விருந்தின் உண்மைத்தன்மையே பசித்தவனுடைய வயிற்றைப் பொறுத்தது என்பதே அதன் உட்கிடை.

தமிழ்மொழியும் இவ்விடயத்திற் சான்று பகர்கின்றது. ஒழுக்கம் என்னும் சொல் ஒழுகு என்னும் வினையடியாகப் பிறந்தது. ஒழுகுதல் நீரின் செயல், நடந்துகொள்ளுதலும் அதுவே. இடைவிடாது ஒரே வழியிற் செல்வதனாலேயே நீர் வாய்க்காலை ஆக்குகின்றது. குணமும் அவ்வாறே ஆகின்றது. ஒப்புரவு என்னும் சொல் இன்னும் கூர்மையானது. இன்றைய கத்தோலிக்கர் வழக்கிலே ஒப்புரவு என்பது பாவசங்கீர்த்தனத்தைக் குறிக்கும். சீர்திருத்தச் சபையார் வேதமொழியிலே கடவுளோடு மனிதன் மீள இணைதலைக் குறிக்கும். வள்ளுவரோ ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்திலே உலகுக்கு உதவுவானுடைய செல்வத்தை ஊரார் நீருண்ணும் குளம் நிறைந்தமைக்கு ஒப்பிட்டுக் கூறினார். மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைத் தெரிந்தெடுத்தபோது அதனோடு குளமும் கூடவே திருச்சபைக்குள் வந்துவிட்டது. அதனை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்லை மாத்திரம் உள்ளே எடுக்க இயலாது.

வாய்க்காலைப் பற்றியே சற்று நின்று பேசலாம். தலைமடையில் வயல் உள்ளவனுக்கு நீர் முதலில் வரும். தனக்குரிய வேளை முடிந்ததும் மடையைக் கட்டிவிட்டால், நீர் அடுத்தவனுக்குச் செல்லும். இறுதியில் கடைமடையை எட்டும். கட்டாமல் விட்டால் அவனுடைய பயிருக்குப் பெரிய நன்மை ஒன்றுமில்லை. மிகையான நீர் கழிவாய்க்காலிற் போய்ச் சேரும். ஆயினும், சேற்றிலே நடுச்சாமத்தில் எழுந்து சென்று மடை கட்டுவது உடலுக்கு உபாதை. வாய்க்காலைப் பார்ப்பவன் அவ்விரவில் அங்கில்லை. கடைமடைக்காரன் உறங்காமல் காத்திருப்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கண்ணிற் படாது. ஒருவனுடைய பொறுமை, நேர்மை, தன்னடக்கம், பிறனை நினைத்தல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே அளந்தறிய இதனினும் சிறந்த தேர்வை எந்தப் பாடநூலாசிரியனும் ஆக்கியதில்லை. இத்தேர்வு தனியறையில் நடைபெறுவதன்று. கடைமடையில் ஒருவன் இருப்பதனாலேயே அது தேர்வாகின்றது. சீடன் என்பவன் சமூகத்தினுள்ளே உருவாகின்றான் என்று கூறுவதன் பொருள் இதுவே. அன்றி, ஒன்றாகப் பாடுவதும் ஒன்றாகத் தேநீர் அருந்துவதும் மாத்திரமன்று.

திருச்சபைகள் ஒன்றுமே செய்யவில்லையா என்ற மறுப்பு எழும். செய்தன. முரியல் ஹட்சின்ஸ் என்னும் மிசனரிப் பெண்மணி கிளிநொச்சியிற் தொடங்கிய கருணா நிலையம் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தெடுத்தது. முரசுமோட்டையில் மெதடிஸ்த திருச்சபையின் நவஜீவனம் உழவையும் செபத்தையும் ஓரிடத்தில் வைத்தது. குடாநாட்டிலே, மருதனார்மடத்துக் கிறிஸ்து சேவா ஆச்சிரமம் 1939இலிருந்து எளிய கூட்டுவாழ்வைக் கைக்கொண்டது. இப்பாகமுவையில் 1957இல் யொஹான் தேவானந்த நிறுவிய தேவசரண ஆராமம், காலப்போக்கிற் சிங்கள விவசாயிகளின் காணிப் பிரச்சினையோடு தன்னைப் பிணைத்துக்கொண்டது. இவையெல்லாம் போற்றத்தக்கன. ஆயின் பெரும்பான்மைச் சபைகளுக்கு இவை காட்சிப்பொருள்களாகவே இருந்தன. ஆச்சிரமத்தார் எளிமையாக வாழ்கின்றார்கள், ஆகவே ஏனையோர் வாழவேண்டியதில்லை என்பதே எழுதப்படாத விதியாயிற்று. அநாதைப் பிள்ளைக்கு உணவளித்த கையே, அப்பிள்ளை வளர்ந்து காணி கேட்டபோது பின்வாங்கியது.

மலையக அகதிகளுக்கு நிலம் என்ற எண்ணத்தை வன்னியிலே பரவலாகச் செயற்படுத்தியது திருச்சபை அமைப்பன்று, காந்தியம். வவுனியாவைத் தளமாகக் கொண்டு அதனை நடத்திய இருவருள், கரம்பனிற் பிறந்த கட்டடக்கலைஞர் டேவிட் கிறிஸ்தவர். வைத்தியர் இராஜசுந்தரம் இந்து. 1977இன் வன்செயலில் விரட்டப்பட்டோரை அவர்கள் எல்லையோரக் கிராமங்களிற் குடியமர்த்தினர், முன்பள்ளிகளைத் தொடக்கினர். 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27ஆந் தேதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் மட்டக்களப்புச் சிறையுடைப்பில் தப்பி, நெடுங்காலம் தமிழகத்தில் வாழ்ந்து, 2015இற் கிளிநொச்சிக்குத் திரும்பி அங்கேயே கண்மூடினார். அவர் எந்தச் சீடத்துவ வகுப்பின் சான்றிதழையும் பெற்றவரல்லர். அவரோடு தோளிணைந்து நின்ற இந்துவின் வாழ்க்கை, ஆன்மிகக் குணவியல்பு தமக்கே உரியதென எண்ணும் கிறிஸ்தவரை நாணச் செய்யவேண்டும்.

வன்னித் திருச்சபையின் பெருஞ்சோதனை 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் வந்தது. வவுனிக்குளத்துப் பங்குத்தந்தையாயிருந்த கருணாரத்தினம் அடிகளார் 2008 ஏப்ரல் 20ஆந் தேதி, ஞாயிறு வழிபாட்டை முடித்துத் திரும்புகையிற் கிளைமோர்த் தாக்குதலிற் கொல்லப்பட்டார். இரணைமடுவைக் கடந்து, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என மக்கள் பெயர்ந்த வழியெங்கும் குருமாரும் கன்னியரும் போதகர்களும் உடன் சென்றனர். வெளியேற வாய்ப்பிருந்தும் மக்களை விட்டகலாத சரத்ஜீவன் அடிகளார் 2009 மே 18ஆந் தேதி உயிர்நீத்தார். அதே நாளில் சரணடைந்தோருடன் சென்ற பிரான்சிஸ் யோசப் அடிகளாருக்கு நேர்ந்தது யாதென இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. முள்ளிவாய்க்காலிற் கஞ்சிக்கு நின்ற வரிசையிலே காணிக்காரனும் கூலிக்காரனும் ஒரே அளவைப் பெற்றனர். மெனிக் பாமின் கூடாரங்களிலே குடாநாட்டு வழியினரும் மலையக வழியினரும் ஒரே குழாயடியிற் காத்திருந்தனர்.

இதனைக் கொண்டு, துன்பம் மக்களைப் பண்படுத்தி ஒன்றாக்கியது என்று மேடைகளிற் கூறுவோர் உளர். அது உண்மையன்று. துன்பம் தானாகவே எவரையும் பண்படுத்துவதில்லை. ஒரே வரிசையில் நின்றவர்கள் மீள்குடியேற்றத்தின்பின் வெவ்வேறு வாய்க்கால்களுக்கே திரும்பினர். ஒருவன் அனுமதிப்பத்திரத்தின் பிரதியைத் தேடினான். மற்றவனுக்குத் தேடுவதற்கு ஒன்றுமில்லை. தகர்ந்த ஆலயங்கள் முன்னையிலும் அழகாக எழுந்தன. கட்டடத்திற்குக் காட்டிய ஊக்கத்தில் நாலிலொரு பங்கேனும் அந்தக் கஞ்சி வரிசையின் சமத்துவத்தை ஓர் ஒழுங்காக, வழமையாக, திருச்சபையின் அன்றாடப் பழக்கமாக ஆக்குவதிற் காட்டப்பட்டிருப்பின் வன்னியின் கதை வேறாயிருக்கும். நெருக்கடியில் வெளிப்பட்ட அன்பு நெருக்கடியோடு போயிற்று. பழக்கமாகாத நற்செயல் குணமாவதில்லை என்பதை அரிஸ்டோட்டிலும் கூறினார், உழவனும் அறிவான்.

ஜேர்மனியிலே நாசிகளின் ஆட்சியை எதிர்த்த டீட்ரிக் போன்ஹோபர், 1935இல் பின்கன்வால்டே என்னும் இடத்திற் போதகராகப் பயில்வோரைக் கூட்டி ஒரு பொதுவாழ்வை நடத்தினார். 1937இல் இரகசியப் பொலிசார் அதனை மூடினர். சீடத்துவம் பற்றிய அவருடைய நூல் அவ்வாண்டிலும், கூட்டுவாழ்வு பற்றிய நூல் 1939இலும் வெளிவந்தன. 1945 ஏப்ரல் 9ஆந் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். விலையின்றி விற்கப்படும் அருள் என அவர் சாடியது, மனிதனிடம் எதனையும் கேளாத சமயத்தையே. சமூகத்தைக் காட்டிலும் சமூகத்தைப் பற்றிய தன் கனவையே நேசிப்பவன் அதனை அழித்துவிடுகின்றான் என்ற கருத்தும் அவருடையது. வன்னியிலே இக்கனவு நேசிப்புக்குக் குறைவில்லை. 'அன்பியம்' என்றும் 'ஐக்கியம்' என்றும் அழகிய பெயர்கள் சூட்டப்பட்ட குழுக்கள் உள்ளன. அவற்றின் கூட்டங்கள் நாட்கூலிக்காரன் வயலால் வந்து குளித்து முடியுமுன்னரே தொடங்கிவிடுகின்றன.

பல்கலைக்கழகங்களிலே சமயத்தைப் பற்றி வேறொரு பேச்சுண்டு. சீடத்துவம், ஆன்மிகம் என்பன உழைக்கும் மக்களை மயக்கும் சொற்கள்; காணிச் சீர்திருத்தம் வந்தால் எல்லாம் சரியாகும் என்பது அதன் சாரம். சட்டம் இன்றியமையாதது, அதனை மறுப்பவன் பங்குள்ளவனே. ஆனால் இரவு மடையைக் கட்டவைக்கும் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. பொதுக் கிணறும் பொதுக் கோயிலும் சட்டத்தால் திறக்கப்பட்ட பின்னரும் குடாநாட்டின் முற்றங்கள் எத்தனை காலம் மூடியிருந்தன என்பதை இவ்விதம் பேசுவோரும் அறிவர். 1929இற் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டும் என அரசு பணித்தபோது சில பாடசாலைகள் தீக்கிரையாயின; அக்காலத்திற் சம ஆசனத்துக்காக நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முன்னணியில் ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் இருந்தனர். உள்ளத்தை மாற்றாது நிலத்தை மாற்றலாம் என்போரும், நிலத்தைத் தொடாது உள்ளத்தை மாற்றலாம் என்போரும் ஒரே பிழையின் இரு முனைகளிற் நிற்கின்றனர்.

சிறுபான்மையினரான கிறிஸ்தவர் காணி விடயத்திற் தலையிட்டால் மதமாற்றத்துக்கான தூண்டில் என ஐயுறுவர் என்ற அச்சமும் கூறப்படுகின்றது. அச்சம் நியாயமானதே, சிலர் அத்தகைய தூண்டிலைப் போட்டதும் உண்டு. அதற்கு மருந்து எளிது. விட்டுக்கொடுக்கும் பங்கை இந்துவான கூலிக்காரனுக்கும் கொடுத்து, அவனை ஆலயத்துக்கு அழையாமல் விடலாம்.

செய்யக்கூடியவை பெருந்திட்டங்களல்ல. திருச்சபைக்கோ அதன் உறுப்பினருக்கோ சிறுபோகப் பங்கு இருக்குமாயின், அதனை யார் செய்கிறார், எவ்வளவு குத்தகைக்கு என்பது பங்குச்சபையிலும் சேகரக் கூட்டத்திலும் வெளிப்படையாக வாசிக்கப்படலாம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கனடாவிலும் இருந்துகொண்டு குத்தகைப் பணம் மாத்திரம் பெறும் கிறிஸ்தவக் காணிக்காரர், ஒரு போகத்துக்கேனும் நிலமற்ற ஒரு குடும்பத்துக்குக் குத்தகையின்றி விடும்படி கேட்கப்படலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுத்தல் திருவிருந்துக்கு ஆயத்தமாகும் ஒழுங்குகளுள் ஒன்றாகச் சேர்க்கப்படலாம். சீடத்துவ வகுப்பில் அமர்பவன் தன் வயலின் கடைமடைக்காரன் பெயரையும், அவனுடைய பிள்ளைகளின் பெயரையும் அறிந்திருத்தல் முதற் பாடமாகலாம். இவற்றைக் கேட்டுச் சிலர் சபையை விட்டு வேறு சபைக்குச் செல்வர். செல்வந்தனான வாலிபன் துக்கத்தோடு போனபோது அவனைத் தொடர்ந்து ஓடிச்சென்று நிபந்தனையைக் குறைத்ததாக நற்செய்தியாளர் எவரும் எழுதவில்லை.

காலபோக அறுவடை முடிந்து, சிறுபோகத்தைத் தீர்மானிக்கும் கூட்டம் பெரும்பாலும் பங்குனி, சித்திரையை ஒட்டிக் கூடும். தவக்காலம் எனவும் லெந்து எனவும் அழைக்கப்படும் நாற்பது நாட்களும் ஏறத்தாழ அவ்வேளையிலேயே வருகின்றன. இறைச்சியைத் தவிர்த்து, சிலுவைப்பாதை செபித்து, நெற்றியிற் சாம்பல் பூசிக்கொண்ட கமக்காரர் பலர் அக்கூட்டத்தில் அமர்ந்து தத்தம் பங்குக்குக் கையெழுத்திடுவர். பங்கற்றவர்கள் அக்கூட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை. அன்று மாலைத் தியானத்தில் அவர்களும் இருப்பார்கள்.